ஒன்றும் தெரியாத பெண் தேவை

1925 செப்டம்பர் 20

என் குருவி,

உன் கடிதத்தைத் தபால்காரர் பீர் ஆலை முற்றத்துக்கே கொண்டுவந்து கொடுத்துவிட்டார். புட்டி கழுவும் தொட்டியிலிருந்து எடுத்த ஈரக்கையோடு வாங்கியதில் பாதி எழுத்து கரைந்துபோயிற்று. கரையாத பாதியே எனக்குப் போதுமாக இருந்தது.

ரொட்டிக்கடையில் உன்னைச் சேர்க்க நான் யார் யார் வாசலில் போய் நின்றேன் என்று உனக்குத் தெரியும். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அதை விட்டுவிட்டுப் பல்கலைக்கழகத்தில் போய் உட்கார்ந்திருக்கிறாய். அதுவும் என்ன வேலை? ஒன்றும் தெரியாத பெண் தேவை என்று ஒருவர் கேட்டாராம், நான் இருக்கிறேன் என்று நீ போய் நின்றாயாம். இதை நான் தொட்டிப் பக்கத்தில் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். தேக்லா கையிலிருந்த புட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "ஒண்ணும் தெரியாத ஆள்தான் வேணும்னா என் வீட்டுக்காரரை அனுப்பறேன், பாபெட். அவரை அடிச்சுக்க ஆள் கிடையாது."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகு சிரிப்பு வரவில்லை.

நான் நான்கு குளிர்காலம் பள்ளிக்கூடம் போனவள். உன்னை எட்டு வருஷம் படிக்கவைத்தேன். ஒன்றும் தெரியாதவள் என்று பெயர் வாங்கவா? இருட்டறை என்று வேறு எழுதியிருக்கிறாய். அந்த டாக்டருக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா? அறைக் கதவு திறந்திருக்குமா, மூடியிருக்குமா? இருட்டில் உட்கார்ந்து என்னதான் செய்யச் சொல்கிறார்? விளக்கமாக எழுது. எழுதாவிட்டால் நானே கிளம்பி வந்துவிடுவேன்.

உன் அம்மா


1925 செப்டம்பர் 27

அம்மா,

கோபப்படாமல் படி. டாக்டர் வைகெல்ட் வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை, பௌதிக டாக்டர். கல்யாணம் ஆகவில்லை. ஆனால் நீ பயப்படுகிற மாதிரி ஒன்றும் இல்லை, ஏனென்றால் அவர் நான் இருக்கும் அறையிலேயே இருப்பதில்லை. எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு சுவர் இருக்கிறது. சுவரில் ஒரு பித்தளைக் குழாய். அந்தப் பக்கம் அவர் மின்சாரத்தைக் கூட்டுவார் குறைப்பார், குழாய் வழியாக "இப்போ" என்பார். இந்தப் பக்கம் என் எதிரே ஒரு நீள அளவுகோல். அதில் ஒரு வெளிச்சப் புள்ளி வந்து நிற்கும். எந்தக் கோட்டில் நிற்கிறதோ அந்த எண்ணை நான் குழாயில் சொல்வேன். இருட்டு அந்தப் புள்ளிக்காகத்தான்.

எனக்கு முன்னால் ஒரு மாணவர் இந்த எண்களைப் படித்துக்கொண்டிருந்தாராம். எந்த எண் வர வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அதனால் புள்ளி கொஞ்சம் தள்ளி நின்றாலும் வர வேண்டிய எண்ணையே சொல்லியிருக்கிறார். பொய் சொல்லவில்லை, அவர் கண்ணுக்கே அப்படித் தெரிந்திருக்கிறது. ஒரு வருஷத்து வேலை வீண். அதன் பிறகுதான் டாக்டர் என்னை மாதிரி ஒருத்தியைத் தேடினார். அவர் முகத்தைக்கூட நான் பார்க்கக் கூடாது. "என் மூஞ்சியப் பார்த்தா எனக்கு வேண்டிய நம்பரை நீங்க சொல்லிடுவீங்க. நல்ல மனுஷங்க அப்படித்தான் செய்வாங்க" என்றார்.

என்ன சோதனை என்று கேட்கக் கூடாது. புத்தகம் படிக்கக் கூடாது. தாழ்வாரத்தில் மாணவர்களோடு பேசக் கூடாது. என் இடது முழங்கைப் பக்கத்தில் ஒரு இரும்புப் பெட்டி அடுப்பு மாதிரி சூடாக இருக்கும். அதற்குள்தான் என்னவோ இருக்கிறது. அதைத் திறக்கக் கூடாது. கம்பி நீளமானால் கணக்குக் கெட்டுவிடும் என்பதால் அதைத் தள்ளி வைக்க முடியாது. காற்று பட்டால் பெட்டியின் சூடு மாறிவிடும் என்று ஜன்னல் இடுக்கிலெல்லாம் கம்பளித் துணி அடைத்திருக்கிறார்கள். அவர் சொல்லாமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கூடாது. அவ்வளவுதான். எல்லாம் முடிந்த பிறகு என்னை உட்காரவைத்து, இத்தனை நாள் நான் எதைப் படித்தேன் என்று முதலிலிருந்து சொல்லித்தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார்.

நேற்று வேலை முடிந்ததும் குழாயில், "ரொம்ப நேர்மையாப் படிக்கிறீங்க" என்றார். ரொட்டிக்கடையில் என்னை யாராவது ஏதாவது சொல்லியிருந்தால் அது மாவு சிந்தியதற்குத்தான்.

ரெகினா


1925 நவம்பர் 15

குருவி,

மார்ட்டின் திருநாளுக்கு ஆலையில் வாத்து போட்டார்கள். உன் பங்கை நினைத்துக்கொண்டு நானே தின்றேன். காலுறை இரண்டு ஜோடி அனுப்பியிருக்கிறேன். பசியே எடுப்பதில்லை என்று எழுதியிருந்தாய். சூடான அறையில் நாள் முழுக்க உட்கார்ந்தால் எப்படிப் பசிக்கும்? கொஞ்சம் நட.

ஒன்று சொல்கிறேன், சண்டைக்கு இல்லை. யுத்தத்துக்கு உன் அப்பாவை ரயிலில் ஏற்றும்போது எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன். "கேக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க பாபெட்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். போன இடம் எது என்று எனக்குத் தெரிந்ததே அவர் செத்த தகவலில்தான். கேட்காதே என்று ஒருவர் சொன்னால் எனக்கு அந்த ரயில்தான் ஞாபகம் வருகிறது, அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி.

கிறிஸ்துமஸுக்கு வா. வராமல் இருக்காதே.

அம்மா


1926 ஜனவரி 3

என் குருவி,

நீ கிளம்பிப் போனதிலிருந்து இதை எப்படி எழுதுவது என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். வாய்ச்சொல்லாகச் சொன்னால் நீ கத்துகிறாய். அதனால் எழுதுகிறேன்.

கிறிஸ்துமஸ் அன்று சூப்பை நீ சிந்தினாய். சிந்தியதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் கரண்டி கிண்ணத்தில் மோதி மோதிச் சத்தம் போட்டதைக் கேட்டேன். தேன் கேக்கைக் கடித்தபோது அதில் ரத்தம் இருந்தது. தேக்லா வந்ததும் எழுந்து அடுக்களைக்குள் போய் நின்றுகொண்டாய். சின்ன வயதிலிருந்து அவள் மடியில் வளர்ந்தவள் நீ. அவள், "என்னடீ, பட்டணத்துக்காரி ஆயிட்டியா?" என்று கேலி செய்ததற்கு உன் முகம் சிவந்து அழுகை வந்துவிட்டது. நீ அப்படிப்பட்ட பெண்ணே இல்லை. தேக்லா கேலி செய்தால் இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடுப்பாய்.

உன்னிடம் சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது. மறைக்கவில்லை, சொல்ல வேளை வரவில்லை. எனக்கு க்ரெட்டல் என்று ஒரு அக்கா இருந்தாள். முகம் பார்க்கிற கண்ணாடிக்கு ரசம் பூசும் பட்டறையில் வேலை பார்த்தாள். அந்தக் காலத்தில் அதைப் பாதரசத்தில்தான் செய்தார்கள். அவளுக்கு முதலில் ஈறு. பிறகு கை. பிறகு யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்காமல் மூலையில் போய் உட்கார்ந்துகொள்வாள், கூப்பிட்டால் அழுவாள். கடைசியில் நான்தான் அவளுக்குக் கரண்டியால் ஊட்டினேன். நீ பிறக்கும் முன்பே போய்விட்டாள்.

அந்த அறையில் பாதரசம் இருக்கிறதா? அதை மட்டும் அவரிடம் கேள். சோதனையைப் பற்றி நீ எதுவும் கேட்க வேண்டாம், இந்த ஒன்றைக் கேட்டு எனக்கு எழுது. இருக்கிறது என்றால் அன்றைக்கே மூட்டையைக் கட்டு.

அம்மா


1926 ஜனவரி 24

அம்மா,

உனக்குப் பார்க்கிற இடமெல்லாம் வியாதி. எனக்குக் கை நடுங்குவது குளிரால். ஈறில் ரத்தம் வருவது இந்த ஊர்த் தண்ணீரால், வீட்டுக்கார ஓர்ட்லிப் அம்மாளுக்கும் வருகிறது. தேக்லா பேச்சைப் பற்றி நான் ஒன்றும் எழுதப் போவதில்லை.

கேட்டேன். நீ சொன்னாய் என்று கேட்டேன். அதற்கு நடந்ததையும் தெரிந்துகொள்.

வேலை நடுவில் அவர் "இப்போ" என்றதும் எண்ணைச் சொல்லிவிட்டு, "டாக்டர், இந்தப் பெட்டிக்குள்ள பாதரசம் இருக்கா?" என்று குழாயில் கேட்டுவிட்டேன். அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது. சுற்றிக்கொண்டு என் அறைக்கு வந்தார். விளக்கை ஏற்றினார். அவர் முகத்தை அவ்வளவு பக்கத்தில் அன்றைக்குத்தான் பார்த்தேன். நான் நினைத்திருந்ததைவிடச் சின்ன வயது. உதடு வெளுத்திருந்தது.

"யார் சொன்னாங்க உங்களுக்கு?"

"யாரும் சொல்லலை. அம்மா கேக்கச் சொன்னாங்க."

அவர் என்னை நம்பினாரா என்று தெரியவில்லை. பெட்டியை ஒரு முறை பார்த்தார், என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு சொன்னார்: "நான் பதில் சொன்னா நாளையிலேருந்து இந்த நாற்காலில வேற ஒருத்தர்தான் உட்காரணும். ஆமான்னு சொன்னாலும் அப்படித்தான், இல்லைன்னு சொன்னாலும் அப்படித்தான். பதில் வேணுமா, ஃப்ராய்லைன் ரெகினா?"

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், அம்மா.

நீ கத்துவது எனக்கு இங்கே கேட்கிறது. ஆனால் யோசித்துப் பார். ஈஸ்டருக்குள் வேலை முடிந்துவிடும். இப்போது நான் எழுந்து போனால் புதிதாக ஒருத்தியைத் தேடி, பழக்கி, முதலிலிருந்து தொடங்க வேண்டும். நான் சொன்ன எண்களையும் சந்தேகப்படுவார்கள், எனக்கு முன்பே தெரியும் என்று. ஏன் கேட்கச் சொன்னாய் என்பதை அவர் கேட்கவில்லை. சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன், அதற்குள் விளக்கை இறக்கிவிட்டுப் போய்விட்டார்.

ஒன்றும் தெரியாதவள் என்று எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். தெரிந்துகொள்ள முடிந்தும் தெரிந்துகொள்ளாமல் இருப்பது எவ்வளவு கடினம் என்று உங்களில் ஒருவருக்கும் தெரியாது. தயவுசெய்து நீ அவருக்கு எழுதிவிடாதே. எழுதினால் என்னை அனுப்பிவிடுவார், நான் வீட்டுக்கும் வரமாட்டேன்.

ரெகினா


1926 பிப்ரவரி 7

ரெகினா,

வேண்டாம் என்றா சொன்னாய்?

நான் சோதனையைக் கேட்கவில்லையடீ. உன் உடம்பைக் கேட்டேன். அவருக்கு அது புரியவில்லை என்றால் உனக்காவது புரிய வேண்டாமா? பல்லில் ரத்தம் வருகிறது டாக்டர், அதனால் கேட்கிறேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அவரும் ஒரு தாய் பெற்ற பிள்ளைதானே. அதைக் கேட்டால் பேசாமல் இருந்திருப்பாரா?

தவக்காலத்துப் பீர் இறக்கும் சமயம். வருஷத்தில் இந்த ஒன்றரை மாதம் தொட்டியை விட்டு ஒருத்தியும் நகர முடியாது, நகர்ந்தால் திரும்ப வர வேண்டாம் என்கிறார் மேற்பார்வையாளர். மார்ச் கடைசியில் முடிந்துவிடும். முடிந்த அன்றைக்கே வருகிறேன். வந்து, உன்னைக் கேட்காமல், நேராக அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் போய் அவரிடம் பேசுவேன். நீ வீட்டுக்கு வர மாட்டேன் என்றால் உன் அறை வாசலிலேயே உட்கார்ந்திருப்பேன்.

அதுவரை வாயை உப்புத் தண்ணீரில் கொப்பளி. வேலை முடிந்ததும் திறந்த வெளியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போ. உன் எழுத்து கோட்டை விட்டு இறங்குகிறது. எனக்குப் படிக்கச் சிரமமாக இருக்கிறது என்று நினைக்காதே. படித்துவிட்டேன்.

அம்மா


1926 மார்ச் 17

அம்மா,

படுத்துக்கொண்டு எழுதுகிறேன், அதனால்தான் எழுத்து இப்படி. பயப்படாதே. சளிக்காய்ச்சல்தான். ஊரெல்லாம் இருக்கிறது.

திங்கட்கிழமை வேலை நடக்கும்போது பெட்டிக்குள் வால்நட் உடைக்கிற மாதிரி ஒரு சின்னச் சத்தம். புள்ளி அளவுகோலை விட்டே ஓடிவிட்டது. அவர் "இப்போ" என்றார். "புள்ளி இல்லை" என்றேன். மறுபடி "இப்போ" என்றார். மறுபடி "இல்லை" என்றேன். தன் பக்கத்துக் கம்பி அறுந்திருக்கும் என்று நினைத்து ஒவ்வொன்றாகப் பார்த்திருக்கிறார். எல்லாவற்றையும் பார்த்து முடிக்க ரொம்ப நேரம் ஆயிற்று. நான் நாற்காலியிலேயே இருந்தேன். எழுந்திருக்கச் சொல்லவில்லையே. சூடான இரும்பு வாசனை வந்தது, வேறு ஒன்றும் இல்லை. தொண்டையில் மட்டும் செம்புக்காசை வாயில் வைத்த மாதிரி இருந்தது.

பிறகு அவர் வந்து பெட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னை வெளியே அனுப்பினார். உள்ளே இருந்த கண்ணாடிக் குடுவை விரிசல் விட்டுவிட்டதாம். நான் வருவதற்கு முன்னாலும் இரண்டு தடவை இப்படி ஆகியிருக்கிறதாம். "நீங்க மட்டும் ஒழுங்கா இருந்தீங்க. இல்லாததை இல்லைன்னு சொன்னீங்க" என்றார். அவருக்கு அழுகை வரும்போல இருந்தது, புதுக் கண்ணாடி செய்ய நாளாகும் என்பதால்.

இரவிலிருந்து மூச்சு இழுக்கிறது. ஓர்ட்லிப் அம்மாள் கெமோமில் பூக் கஷாயம் வைத்துக் கொடுக்கிறாள். இன்னும் கொஞ்சம் எண்கள்தான் பாக்கி. நீ வரும்போது காலுறை வேண்டாம், நிறைய இருக்கிறது.

குருவி


1926 மார்ச் 20

என் குருவி,

சனிக்கிழமை சாயங்காலம் எழுதுகிறேன். உன் கடிதம் இப்போதுதான் கிடைத்தது. செம்புக்காசு என்று எழுதியிருக்கிறாய். க்ரெட்டலும் அதையேதான் சொல்வாள்.

மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டேன். திரும்ப வர வேண்டாம் என்றார், சரி என்றேன். ஞாயிற்றுக்கிழமை தபால் ரயில் மட்டும்தான், ஆள் ஏற்றமாட்டார்கள்; திங்கட்கிழமை முதல் ரயிலில் வருகிறேன். இந்தக் கடிதம் எனக்கு முன்னால் வந்தால், வைத்தியரைக் கூப்பிடச் சொல். என் அம்மா பாதரசம் என்கிறாள் என்று சொல். யார் கேட்டாலும் அந்த வார்த்தையைச் சொல். அந்த அறைக்குப் போகாதே. அவர் கூப்பிட்டாலும் போகாதே.

வருகிறேன். கண்ணை மூடிக்கொண்டு படுத்திரு. வந்துவிடுகிறேன்.

அம்மா


1926 ஏப்ரல் 18

குருவி,

இதே தாளில் மேலே இருக்கிற என் கடிதத்தை ஓர்ட்லிப் அம்மாள் பிரிக்காமலே என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். அது வந்து சேர்ந்தபோது உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்களாம். நான் வந்து சேர்ந்தபோது உன்னைக் கழுவி உடுத்திவிட்டார்கள். நுரையீரல் காய்ச்சல் என்று எழுதினார்கள். இல்லை ஐயா, வேறு என்று சொன்னேன். அந்த வைத்தியர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

உன்னை இங்கேயே கொண்டுவந்து அடக்கம் செய்தோம். தேக்லா வந்திருந்தாள். மண் போடும்போது, "என் கேலிக்கு ஒரு பதில் சொல்லாமப் போயிட்டாளே" என்றாள். பங்குச்சாமியார் கடவுளின் வழிகள் நமக்குத் தெரியாது என்று பிரசங்கம் செய்தார். தெரியாது, தெரியாது என்று கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. நடுவில் எழுந்து வெளியே போய் நின்றேன்.

போன வாரம் உன் துணிமணிகளை எடுக்க மறுபடி அந்த ஊருக்குப் போனேன். போன காலோடு உன் டாக்டரையும் பார்த்தேன்.

சத்தம் போடத்தான் போனேன். ரயிலில் வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தேன். ஆனால் அவர் உன் அறையில், உன் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். ஜன்னல் கம்பளியெல்லாம் பிடுங்கிப் போட்டுத் திறந்து கிடந்தது. தரைப் பலகைகளைப் பெயர்த்திருந்தார்கள். பலகைக்கு அடியில் நான் பார்த்தேன், குருவி. சின்னச் சின்ன உருண்டையாக, வெள்ளி மாதிரி, க்ரெட்டல் பாவாடை மடிப்பிலிருந்து உதிருமே, அதே மாதிரி. நீ வருவதற்கு முன் கண்ணாடி உடைந்ததிலிருந்தே அங்கே கிடந்திருக்கிறது.

யாரென்று சொன்னேன். அவர் எழுந்து நின்றார். என்னை உட்காரச் சொல்லவில்லை, உட்கார அந்த ஒரு நாற்காலிதான் இருந்தது.

"அவங்க கேட்டாங்க, அம்மா. பாதரசம் இருக்கான்னு கேட்டாங்க. யாரோ அவங்களுக்குச் சொல்லிக்கொடுத்துட்டாங்க, புத்தகம் படிச்சுட்டாங்கன்னு நினைச்சேன். சோதனை போச்சேன்னுதான் பயந்தேன். உடம்புக்காகக் கேக்கறாங்கன்னு எனக்குத் தோணவே இல்லை."

அடுக்கி வைத்த வார்த்தைகளில் ஒன்றுகூட அவருக்குப் பொருந்தவில்லை. தோன்றியிருந்தால் சொல்லியிருப்பார். அது எனக்குத் தெரிந்தது. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

பிறகு, உனக்குச் சொல்லித்தருவதாக வாக்குக் கொடுத்ததை எனக்காவது சொல்லட்டுமா என்று கேட்டார். எனக்கு எதற்கு என்று சொல்ல வந்தேன். நீ அதற்காகத்தானே அங்கே உட்கார்ந்திருந்தாய் என்று நினைத்துக்கொண்டு, சொல்லுங்கள் என்றேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்து கேட்டேன்.

நீ சொன்ன எண்களையெல்லாம் புள்ளியாக வைத்து ஒரு பெரிய தாளில் கோடு வரைந்திருக்கிறார். கோடு ஏறுகிறது, சட்டென்று இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது, அதே தூரத்தில் மறுபடி இறங்குகிறது. பால் பொங்கி வரும்போது அடுப்பிலிருந்து தூக்கினால் அடங்குமே, அப்படி இருக்கிறது. பெட்டிக்குள் இருந்தது பாதரச ஆவியாம். கண்ணுக்குத் தெரியாத துகள்களை அதற்குள் ஓடவிடுவாராம். மெதுவாக ஓடினால் பாதரச அணுவில் மோதியும் ஒன்றும் குறையாமல் திரும்பிவிடுமாம். வேகத்தைக் கூட்டிக் கூட்டி ஒரு அளவுக்குக் கொண்டுவந்தால் அந்த நிமிஷத்தில் அணு மொத்தத்தையும் வாங்கிக்கொள்ளுமாம். அப்போதுதான் உன் புள்ளி இறங்கும். அதற்குக் கீழே எவ்வளவு கொடுத்தாலும் தொடாதாம். பாதி வாங்குவது, கால் வாங்குவது என்பதே அதனிடம் கிடையாதாம். அப்படித்தான் இந்த உலகமே கட்டப்பட்டிருக்கிறது என்றார். சொல்லும்போது அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. பிறகு நான் யாரென்று ஞாபகம் வந்து நிறுத்திவிட்டார்.

நான் சொன்னேன்: "எங்க அக்காகிட்டேருந்தும் இவகிட்டேருந்தும் அது கொஞ்சம் கொஞ்சமாத்தான் வாங்குச்சு, ஐயா."

அவர் அந்தத் தாளைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டார்.

கிளம்பும்போது வாசல்வரை வந்தார். இன்னும் ஒன்று கேட்க வேண்டும், கேட்க வெட்கமாக இருக்கிறது, ஆனால் கேட்காமல் இருக்க முடியாது என்றார். தாளை விரித்து அந்தக் கோட்டில் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினார். பெரிய இறக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளம், விரல் நகத்தால் கீறின மாதிரி. அதை இதுவரை உலகத்தில் வேறு யாரும் பார்க்கவில்லையாம். ரொட்டிக்கடையிலிருந்து வந்த என் பெண் பார்த்திருக்கிறாள்.

"அது நிஜமா இருக்கலாம். அவங்க கண்ணு அன்னைக்குச் சரியா இல்லாததாலயும் இருக்கலாம். கை நடுங்குறவங்களுக்குக் கண்ணும் நிலைக்காது. நான் அவங்க முகத்தைச் சரியாப் பார்க்கவே இல்லை, அம்மா. குரலைத்தான் கேட்டேன். என்னைக்கிலேருந்து அவங்களுக்கு உடம்பு முடியாமப் போச்சுன்னு நீங்கதான் சொல்ல முடியும். அதுக்கு அப்புறம் சொன்ன எண்களை நான் எடுத்துக்கக் கூடாது."

"எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டா?" என்று கேட்டேன்.

"அப்போ அவங்க இங்க வந்து உட்கார்ந்ததே இல்லைன்னு ஆயிடும்."

யோசித்து எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வந்து நாளாகிறது. பீர் ஆலையில் என் இடத்துக்கு வேறு ஒருத்தி வந்துவிட்டாள். வீட்டில் உட்கார்ந்து இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

கிறிஸ்துமஸுக்குப் பிறகு என்று எழுதலாம். நான் கண்ணால் பார்த்தது அப்போதுதான். ஆனால் கிறிஸ்துமஸ் அன்றைக்கே கை அவ்வளவு நடுங்கினால், அது அன்றைக்கா தொடங்கியிருக்கும்? பசி இல்லை என்று நீ எழுதியது அதற்கு முன்னால். அதற்கும் முன்னால் எனக்கு எழுதாமல் எதையெல்லாம் விட்டாயோ. முதல் நாளே என்று எழுதினால் அந்தத் தாள் அடுப்புக்குப் போய்விடும். இருட்டில் நீ உட்கார்ந்த ஒவ்வொரு நாளும் அதோடு போய்விடும். மார்ச்சில்தான், கண்ணாடி உடைந்த பிறகுதான் என்று எழுதினால் அந்தச் சின்னப் பள்ளம் உன்னுடையதாக நிற்கும். அதை எழுத எனக்குக் கை வருகிறது. எழுதியும் பார்த்தேன். ஆனால் நீ பார்க்காத ஒரு எண்ணை ஒரு நாளும் சொன்னவள் இல்லை. உன் பேரில் நான் எப்படிச் சொல்வேன்?

அவர் பதிலுக்குக் காத்திருக்கிறார். எனக்கு அவருக்காகத் தெரிய வேண்டாம், அந்தக் கோட்டுக்காகவும் வேண்டாம். உன்னைப் பெற்றவளுக்கு அது தெரிந்திருக்க வேண்டும், தெரியவில்லை. எனக்கு மட்டும் சொல். என்றைக்கிலிருந்து உனக்கு முடியாமல் இருந்தது, குருவி?